குளியலறையை விட்டு வெளியேறட்டும் கேஸ் கீசர்



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது பெரிய திட்டம் எதைப் பற்றியும் இல்லை. உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கேஸ் கீசரைப் பற்றித்தான்.

போன மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. காலையில் குளிக்கப் போன அம்மா வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டினோம். "தலை சுத்துது, இதோ வரேன்" என்று குரல் மட்டும் கேட்டது. எப்படியோ தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தவர், அப்படியே கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். பிரஷராக இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "வீட்டுல வெந்நீர் எதுல போடுறீங்க?"

கேஸ் கீசர் என்றோம். குளியலறைக்குள்ளேயா என்றார். ஆமாம், உள்ளேதான். குளிர் காற்று வருகிறதென்று ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்திருந்தோம்.

என்ன நடக்கிறது தெரியுமா? கேஸ் முழுதாக எரிய நிறைய காற்று வேண்டும். சின்ன அறை, மூடிய கதவு, அடைத்த ஜன்னல் என்றால் காற்று போதாது. அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்கென்றே எல்பிஜியில் வாடை சேர்க்கிறார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. பிறகு கால் தளர்ந்துவிடும். ஆபத்து புரியும்போது தாழ்ப்பாளை எட்ட முடியாமல் போகலாம்.

அப்படி யாராவது மயங்கினால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வாருங்கள். கேஸை மூடுங்கள், 108-ஐ அழையுங்கள். "கேஸ் கீசர் உள்ள குளியலறையில் மயங்கினார்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இதில் சரியான அளவு இருப்பதுபோலவே காட்டக்கூடும். அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

சரி, மாற்றுவது எப்படி? மின்சார கீசரை வாங்கிக்கொண்டு வந்து பழைய பிளக்கில் சொருகிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, வயரிங். 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் வகை என்றால் 13 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்காது. மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். சரியான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம் இருக்கட்டும். கசிவு மின்சாரத்தைக் கண்டு நொடிக்குள் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

இரண்டாவது, மின்பளு. உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் கீசரும் சேர்ந்தால் அளவு மீறலாம். கூடுதல் மின்பளுவுக்குத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் மின்னகம் 94987 94987 எண்ணில் கேளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இணைப்பு அவர் பெயரில்தானே இருக்கும்.

மூன்றாவது, அளவு. இரண்டு பேருக்கு 15 லிட்டர் போதும். நான்கு பேர் என்றால் 25 லிட்டர். ஐஎஸ்ஐ முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் பார்த்து வாங்குங்கள். நட்சத்திரம் கூடினால், சும்மா இருக்கும்போது தொட்டியிலிருந்து வீணாகும் சூடு குறையும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வருடம் ஒருமுறை உள்ளே சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

"கரண்ட் பில் ஏறிடுமே" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 லிட்டருக்கு மேல் குளிக்கிற பதத்தில் கிடைக்கும். தினமும் இரண்டு தொட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். உங்கள் வீட்டு உபயோகத்தோடு இதைக் கூட்டி எந்தப் படிநிலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதே சமயம் கீசர் குடித்துக்கொண்டிருந்த சிலிண்டர் செலவு மிச்சம் என்பதையும் கணக்கில் சேருங்கள். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டு, குளிக்கும் முன் அணைத்துவிட்டால் பில்லுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

பழைய கீசரைக் கழற்றும்போது ரெகுலேட்டரை மூடி, கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கை வைத்துக் கழற்றுங்கள். ட்யூப் வாயைத் திறந்தபடி விட வேண்டாம். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

உடனே மாற்ற வசதி இல்லையா? பரவாயில்லை. கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள். கீசரை அணையுங்கள். கொஞ்ச நேரம் காற்றோட விட்டு, அப்புறம் கதவைச் சாத்திக் குளியுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது மின்சார கீசர். ஜன்னலில் இருந்த அட்டையை அம்மாவே பிய்த்து எறிந்துவிட்டார். உங்கள் வீட்டு ஜன்னலையும் இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.