நாற்காலியிலிருந்து எழுந்தால் போதுமா?



பிளஸ் டூ முடிவு வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. "பிசியோதெரபி சேர்க்கலாமா? எம்பிபிஎஸ் கிடைக்கல, இது பரவாயில்லையா?" பெற்றோர்கள் என்னிடம் இதை மெதுவான குரலில்தான் கேட்பார்கள், பக்கத்தில் பிள்ளை நிற்கிறதே என்று. பதில் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்றால், கையை ஊன்றாமல் ஒருமுறை எழுந்து நில்லுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வேண்டாம், நீங்கள் உட்கார்ந்தே கேளுங்கள்.

எழுந்தீர்களா? என்ன செய்தீர்கள் என்று கவனித்தீர்களா? முதலில் பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்தீர்கள். பிறகு உடம்பை முன்னால் சாய்த்தீர்கள். உடலின் பாரம் இருக்கையைவிட்டுப் பாதத்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்தன. இத்தனையும் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. நாம் யோசிப்பதே இல்லை.

பக்கவாதம் வந்த ஒருவருக்கு அந்த ஓரிரு நொடி பெரிய மலை. எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். இடது கை, இடது கால் இரண்டும் சோர்ந்திருந்தன. எழச் சொன்னால் வலது காலையே நம்பி எழுவார், பாதி வழியில் ஒரு பக்கமாகச் சரிவார். "சார், கால்ல பலமே இல்ல, கரண்டு வைங்க" என்றார். நம்மூரில் பிசியோதெரபி என்றாலே கரண்டு வைப்பது, மெழுகு ஒத்தடம் கொடுப்பது என்றுதானே நினைக்கிறோம்? நான் கரண்டு வைக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் உயரமாக்கினேன். வலது பாதத்தைச் சற்று முன்னால் நகர்த்தி, இடது பாதத்தைப் பின்னால் வைக்கச் சொன்னேன். பாதம் அப்படி இருந்தால் பலவீனமான கால் வேலை செய்தே தீர வேண்டும். நல்ல கால் எல்லாவற்றையும் தானே செய்துவிட முடியாது. அவருடைய முழங்காலில் என் கையை வைத்துக்கொண்டேன். தொடைத் தசை இறுகுவது கைக்குத் தெரியும். அது தெரிந்த கணத்தில், "இப்ப எழுங்க" என்பேன்.

நாட்கள் போகப் போக நாற்காலியின் உயரம் குறைந்தது. எழுந்து நின்றதும் அவர் கேட்டது வீட்டைப் பற்றியல்ல. "ஓடுற பஸ்ல நின்னு டிக்கெட் கிழிக்க முடியுமா?" என்றார். பயிற்சியே அப்போது மாறிவிட்டது. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது ஒருவர் தள்ளினால் சமாளித்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், படியில் இறங்க வேண்டும். நோயாளியின் பிழைப்பு என்னவென்று கேட்காமல் இந்தத் தொழிலில் வைத்தியமே இல்லை.

ஒரு மாணவர் நான்கு ஆண்டும் என்ன படிக்கிறார் என்று கேட்டால் இந்த எழுந்து நிற்பதைத்தான் காட்டுவேன். எந்தத் தசை எங்கே ஒட்டியிருக்கிறது என்பது உடற்கூறியல். எழுந்ததும் சிலருக்குத் தலைசுற்றுகிறதே, ரத்த அழுத்தம் ஏன் இறங்கியது என்பது உடலியங்கியல். அவர்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பது மருந்தியல். பாரம் எங்கே விழுகிறது என்பது பயோமெக்கானிக்ஸ். இயற்பியல் பிடிக்காத பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்! அதன் பிறகு மாணவர்கள் எலும்பு, நரம்பு, இதயம், நுரையீரல் என ஒவ்வொன்றாக நோயாளியிடம் போகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சளியை வெளியே கொண்டுவருவதும் இவர்கள் வேலைதான்.

வேலூரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் செயலிழந்த கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலை செய்கிற ஒரு தசைநாரை எடுத்து, வேலை செய்யாத விரலுக்கு மாற்றுவார்கள். மோதிர விரலை மடக்கிய தசைநார் கட்டைவிரலுக்குப் போகும். கட்டுப் பிரித்ததும் நோயாளி மோதிர விரலை மடக்க நினைப்பார், அசைவது கட்டைவிரல்! அந்தப் புதிய வேலையைப் பழக்கிக் கொடுப்பது பிசியோதெரபி. அறுவை சிகிச்சை பாதி, பழக்குவது மீதிப் பாதி. அதே மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே உந்துசக்தி. எம்பிபிஎஸ் கிடைக்காததால் போகிற இடம்தான் பிசியோதெரபி என்று நினைக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கடிகாரம் என்னைப் பார்க்கிறது, கல்லூரி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். படிப்பின் பெயர் பிபிடி. நான்கு ஆண்டுப் படிப்பு, பிறகு ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சி என்பது நம் மாநிலத்தில் பழகிய முறை. 2021இல் வந்த மத்தியச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஆணையம், 2025இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் பயிற்சியை ஓராண்டாக்கி, மொத்தம் ஐந்தாண்டு என்கிறது. சேர்க்கை விதிகளும் மாறிவருவதால், பக்கத்து வீட்டு அண்ணன் சேர்ந்த கதையை நம்பாமல் அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டைப் படியுங்கள். அரசுக் கல்லூரிகள் சென்னை கே.கே. நகரிலும் திருச்சியிலும் உண்டு. தனியார் கல்லூரி என்றால், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்போ வேறு அங்கீகாரமோ இருக்கிறதா என்று பாருங்கள். சில மாதச் சான்றிதழ் வகுப்பு பட்டத்துக்கு ஈடாகாது.

கட்டடத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கல்லூரிக்குச் சொந்தமாகவோ பக்கத்திலோ கூட்டமான மருத்துவமனை இருக்கிறதா? மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, "இந்த வாரம் எத்தனை நோயாளியை நீங்களே பரிசோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் விழித்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். ஒரு தோள்பட்டை எத்தனை டிகிரி உயர்கிறது என்று அளப்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். வலிக்கும் தோளைப் பயமுறுத்தாமல் தூக்குவதற்கு மட்டும் பல தோள்களைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. எம்பிடி என்கிற இரண்டாண்டு மேற்படிப்பில் விளையாட்டு, நரம்பியல், குழந்தை நலம் என்று ஒரு துறையை எடுத்தவர்களுக்கு வழி அகலும். வெளிநாடு போக நினைப்பவர்கள் அந்தந்த நாட்டுப் பதிவு விதிகளை முதல் ஆண்டிலேயே விசாரித்து வையுங்கள். கடைசி ஆண்டில் விசாரித்தால் தாமதம்.

ஆக, அங்கீகாரம், நோயாளிக் கூட்டம், இந்த இரண்டையும் பாருங்கள்; நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் அனுமதி கேட்டு, பிசியோதெரபி பிரிவில் பிள்ளை ஒரு காலைப் பொழுது இருக்கட்டும். வியர்வை, முனகல், ஒரே பயிற்சியை முப்பது தடவை எண்ணுகிற பொறுமை, எல்லாவற்றையும் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்தும் "இதுதான் எனக்கு வேணும்" என்று சொன்னால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். அப்படி விரும்பி வருகிற பிள்ளைகள் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் கிராமங்களுக்கும் நிறையத் தேவைப்படுகிறார்கள். இந்த ஆண்டு அவர்களில் சிலர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.