சாங்கி ஏரிக்கரையில் அமெரிக்கா

(பெங்களூரு மல்லேஸ்வரத்தில் நடந்த நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கோ, அரசியல் மட்டும் வேண்டாம்" என்றார். அவர் சொன்னது நம் ஊர் அரசியலை என்று எடுத்துக்கொண்டு, நான் அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு சாங்கி ஏரியைச் சுற்றி நடக்கும் கோஷ்டியில் நானும் ஒருவன். நடை நாற்பது நிமிஷம். பிறகு பெஞ்சில் பேச்சு ஒரு மணி நேரம். அந்தப் பேச்சில் பாதி அமெரிக்காதான். ஓஹையோவில் யார் நிற்கிறார்கள், பென்சில்வேனியா எந்தப் பக்கம் சாயும் என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் யார் என்று கேட்டால் மட்டும் எல்லோரும் ஏரியைப் பார்ப்போம். பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, அதன்பின் ஐந்து வருடங்களுக்கு மேல் தேர்தலே நடக்காமல் ஓடியது. அது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். மனசும் அங்கே இருக்கிறது. 2025 ஜனவரி 20-ஆம் தேதி, தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிரஜா உரிமை கிடையாது என்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அமலுக்கு வருமுன்பே நீதிமன்றங்கள் அதற்குத் தடை போட்டன என்றாலும், பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த தாயார்கள் எத்தனை பேர் தூக்கமில்லாமல் தவித்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாமி ஒருவர், தனியாக இருக்கிறார். ஒரே பையன், அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வேலை. மகாளய அமாவாசைத் தர்ப்பணத்தை அம்மா பக்கத்தில் இருந்து செய்யவேண்டும் என்று லீவு போட்டு வந்திருந்தான். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. புதிய ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர், நம் பணத்தில் சுமார் 88 லட்சம் ரூபாய், கட்டணம் என்று வாஷிங்டனில் உத்தரவு வந்தது. அமலுக்கு வரும் நேரம், நம் கடிகாரப்படி ஞாயிறு காலை 9.31. சனிக்கிழமை காலை கம்பெனியிலிருந்து "உடனே திரும்பி வா" என்று மெயில். கிடைத்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு மத்தியானமே கிளம்பிவிட்டான். ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் வெள்ளை மாளிகையிலிருந்து வந்தபோது, அவன் பாதி வழியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. நான் விசாரிக்கப் போனபோது எள்ளும் தர்ப்பையும் தாம்பாளத்தில் அப்படியே இருந்தன. மாமி ஒன்றும் சொல்லவில்லை. "காபி சாப்பிடறேளா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஏரிக்கரையில் எங்கள் கோபத்துக்கு அளவில்லை. "நம்ம பசங்க இல்லேன்னா அந்த ஊர் நடக்குமா?" என்றார் ஒருவர். நானும் என் பங்குக்குப் பேசினேன். எங்கள் கோஷ்டியில் கன்னட நண்பர் ஒருவர் உண்டு. மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவர் கன்னடத்தில் கேட்டார்: "சார், போன வருஷம் எங்கள் அரசாங்கம் உள்ளூர்க்காரனுக்கு வேலை என்று மசோதா கொண்டுவந்தபோது, நீங்கள் இதே பெஞ்சில் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. 2024 ஜூலையில், தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 சதவிகிதமும் மற்ற பணிகளில் 70 சதவிகிதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்ற மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தொழில்துறையினர் எதிர்த்தவுடன் ஓரிரு நாளில் நிறுத்தி வைத்தார்கள். அப்போது நான் சொன்னது: "திறமை இருக்கிறவன் வருவான், இவர்களுக்குப் பொறாமை." அது மட்டுமல்ல. வடக்கேயிருந்து வந்து கட்டட வேலை செய்பவர்களைப் பற்றி, "எங்கிருந்தோ வந்து ஊரையே கெடுத்துட்டாங்க" என்றும் நானேதான் சொல்லியிருக்கிறேன். நண்பர் இரண்டையும் கேட்டவர். "உங்கள் பையன் போனால் திறமை, பீகார்க்காரன் வந்தால் கூட்டம், அமெரிக்கன் தடுத்தால் அநியாயம், கன்னடத்தான் கேட்டால் பொறாமை. எந்தத் தராசு சார் இது?" என்றார். அன்று நான் ஒரு சுற்று அதிகமாக நடந்தேன்.

அந்தக் கேள்வியோடு அமெரிக்கச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். 1917-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை மூடியது. பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், பிரஜா உரிமை கேட்டார். தான் உயர்ந்த ஜாதி, ஆரிய வம்சம், ஆகவே வெள்ளையரில் சேர்த்தி என்பது அவர் தரப்பு வாதம். 1923-இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே பிரஜை ஆகியிருந்த இந்தியர்கள் பலருடைய உரிமையும் இதனால் பறிபோயிற்று. 1946-இல் கொஞ்சம் மனமிரங்கினார்கள்: வருடத்துக்கு நூறு இந்தியர்!

கதவு நன்றாகத் திறந்தது 1965 அக்டோபர் 3-ஆம் தேதிதான். அதிபர் ஜான்சன் அன்று கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், எந்த நாட்டில் பிறந்தவன் என்று பார்த்து ஒதுக்கும் பழைய முறையை எடுத்தது. அதற்கு முந்தைய வருடம் சிவில் உரிமைச் சட்டம். அதே வருடம் ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். மூன்றும் ஒரே காற்றில் வந்தவை. அந்தக் காற்றைக் கிளப்பியவர்கள் அடி வாங்கி, சிறை சென்று போராடிய கறுப்பின மக்கள். இங்கே ஒரு சொந்த விஷயம். என் பெண் நியூஜெர்சியில் வீடு பார்த்தபோது, அங்கே கறுப்பர்கள் அதிகமா என்று கேட்டவன் நான். "அப்பா, அவா போராடலேன்னா நான் இங்கே வந்திருக்கவே முடியாது" என்று அவள் சொன்னாள். அப்போது புரியவில்லை.

இன்னொன்று. நம்மவர் ஒருவர் அங்கே பதவிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஏரிக்கரையில் நம்புகிறோம். கமலா ஹாரிஸின் தாயார் சியாமளா 1958-இல் பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போனவர். தாத்தா கோபாலனுக்கு மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். 2020-லும் 2024-லும் அந்த ஊர் தர்ம சாஸ்தா கோயிலில் அவருக்காக அபிஷேகம் நடந்தது. விவேக் ராமசாமியின் பெற்றோருக்குப் பாலக்காடு பக்கம் பூர்வீகம். ராமசாமி குடியரசுக் கட்சி. ஹாரிஸ் ஜனநாயகக் கட்சி. குடியேற்றம் பற்றி இருவர் கொள்கையும் வேறு வேறு. ஆகவே, பூர்வீகத்தை வைத்து யாருடைய கொள்கையையும் சொல்ல முடியாது. அங்கே ஓட்டுப்போடும் நம் பேரக்குழந்தைகளும் ஊர் பார்த்து ஓட்டுப்போடுவதில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அமெரிக்காவைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டாம். ஒரு லட்சம் டாலர் உத்தரவில் நமக்குள்ள மனத்தாங்கல் நியாயமானது; ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை முப்பது மணி நேரக் கெடுவில் ஆட்டிவைப்பதை யாரும் ஏற்க முடியாது. ஆனால் அங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன மரியாதை கேட்கிறோமோ, அதே மரியாதையை இங்கே வந்தவர்களுக்கும், நம்மை வரவேற்ற மண்ணுக்கும் நாம் தர வேண்டும். நாமும் இங்கே வந்தவர்கள்தானே? 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது இந்த ஊரில் தமிழராக இருப்பது என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியும். அந்த இரவுகளில் என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தவர்கள் கன்னடக்காரர்களான அண்டை வீட்டார்.

நாற்பது வருஷமாக இங்கே இருக்கிறேன். பேச வருமே தவிர, பஸ் போர்டில் உள்ள கன்னடத்தைப் படிக்கத் தெரியாமல் இருந்தேன். போன தசராவுக்குப் பிறகு ஒரு சிலேட்டை வாங்கி, அந்த நண்பரிடமே எழுத்துப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். எழுபத்தி மூன்று வயதில் "அ, ஆ" எழுதுவதைப் பார்த்து என் பேத்தி வீடியோவில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உங்களில் யாருக்கு விருப்பமோ, காலை ஏழு மணிக்கு சாங்கி ஏரிக்கரைக்கு வாருங்கள். அமெரிக்காவும் பேசலாம், கன்னடமும் படிக்கலாம்.

கடைசியில் உள்ளூர் அரசியலும் கொஞ்சம் பேசிவிட்டேன். செயலாளர் மன்னிக்க வேண்டும்.