இறக்கத்தில் தெரியும் எடை



பெங்களூரிலிருந்து ஓசூர் போகிற சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிற ஊர் ஹெப்பகோடி. அடுத்தது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் ஓடத் தொடங்கிய பிறகு, நிலையப் பெயர்ப் பலகையிலும் ஹெப்பகோடி என்ற பெயர் ஏறிவிட்டது. ஊரில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள்தானோ என்று தோன்றும். மாதக் கடைசியில் அங்குள்ள தெருக்களில் நடந்து பார்த்தால், நாலு வீட்டுக்கு ஒரு வீட்டு வாசலில் வண்டி நிற்கும். கட்டிலைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். மாடிப்படியில் பீரோ சிக்கிக்கொண்டு நிற்கும். நாங்களும் அப்படித்தான் ஒரு மாதக் கடைசியில் ஹெப்பகோடியைக் காலி செய்து மதுரைக்குக் கிளம்பினோம். 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

ஒன்றரை டன் ஏற்றலாம் என்கிற பிக்கப் வண்டி ஒன்றைப் பேசியிருந்தேன். சாமான் எல்லாம் வண்டிக்குள் அடங்கிவிட்டது. அடங்கியதும் நமக்கு ஒரு நிம்மதி வருமே, அந்த நிம்மதியில் பூந்தொட்டிகளையும் ஆட்டுக்கல்லையும் எடுத்து வந்தேன். "இதையும் ஏத்திக்கோங்கண்ணே." ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்தார். "பட்டை உக்காந்துருச்சு சார்" என்றார். அடுக்கடுக்காக வளைந்திருக்கும் வில் பட்டைகள் பாரத்தில் நிமிர்ந்து தட்டையாகிவிட்டன என்று அர்த்தம். ஓசூர் போனதும் எனக்காக ஒரு எடைமேடையில் வண்டியை ஏற்றினார். சீட்டைப் பார்த்தால், அனுமதித்த எடையைவிட 700 கிலோ கூடுதல்.

நான் கோபப்பட்டேன். இத்தனை தூரம் நன்றாகத்தானே ஓடி வந்தது, மெதுவாகப் போனால் போகாதா என்று கேட்டேன். அவர் அசையவில்லை. தெரிந்தவர் ஒருவரின் 14 அடி லாரியை வரவழைத்து, எல்லாவற்றையும் மாற்றி ஏற்ற வைத்தார். கூடுதல் வாடகை, கூடுதல் கூலி, 3 மணி நேரத் தாமதம். அதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று, வழியில் இருக்கிற தொப்பூர் கணவாய்: "தொப்பூர் இருக்கு சார். ஏத்தத்துல நாம வண்டிய ஓட்டுவோம். எறக்கத்துல வண்டி நம்மள ஓட்டும்."

அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்று மாலைதான் விளங்கியது. அதை உங்களிடமும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 280 மீட்டர் அளவில். அத்திப்பள்ளியில் எல்லையைக் கடந்து, சூளகிரி, மேலுமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி என்று போகும்போது நாம் கொஞ்சம் கொஞ்சமாக 600 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். காரில் போகிறவருக்கு இது தெரிவதே இல்லை. பாரவண்டிக்குத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். சாமானோடு சேர்த்து 4 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படுகிற ஆற்றல், ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 40 டன் டிரெய்லர் லாரி என்றால் பத்துக் குடம். காற்றும் சாலையின் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போகும்? ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அத்தனை சூடும் சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம்மிலும் லைனிங்கிலும்தான் போய்ச் சேரும். சூடேறிய டிரம் விரியும். லைனிங் கருகி வழுவழுப்பாகும். பிறகு மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு இருக்காது. பிரேக் பிடிக்கவில்லை என்று செய்தியில் படிக்கிறோமே, அதில் பல நேரம் பிரேக் உடைந்திருக்காது. வெந்து போயிருக்கும்.

இதற்கு மாற்று, என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவது. மேட்டில் எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய லாரிக்காரர்கள் சொல்லிக் கொடுக்கிற பாடம். சின்ன கியரில் வண்டியை என்ஜின் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை இடையிடையே தொட்டால் போதும். ஆனால் டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. என்ஜினையே அணைத்து விடுகிறவர்களும் உண்டு. பெரிய லாரிகளில் பிரேக் காற்றில் இயங்குவது. என்ஜின் நின்றால் காற்றை நிரப்பும் கம்ப்ரசரும் நிற்கும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். சில ரூபாய் டீசலுக்காக, வண்டியை நிறுத்தவும் திருப்பவும் இருக்கிற வழிகளைக் கைவிடுகிறார்கள்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் இதன் விலை என்ன என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2020 டிசம்பர் 12-ஆம் தேதி, பாரம் ஏற்றி வந்த ஒரு லாரி முன்னால் இருந்த வண்டிகளின் மேல் மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நசுங்கின. 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ஆம் தேதி அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்தன. மறுபடியும் 4 உயிர்கள். அந்த வண்டிகளில் இருந்தவர்களும் நம்மைப் போல எங்கோ போய்ச் சேர வேண்டியவர்கள்தான்.

அன்று மாலை நாங்கள் லாரிக்குப் பின்னால் காரில் வந்தோம். கணவாய் தொடங்கும் முன்பே லாரி ஓரம் கட்டியது. லாரி ஓட்டுநர் இறங்கி டயர்களைத் தட்டிப் பார்த்தார். கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு இரண்டாவது கியரில் ஊர்ந்தபடி இறங்கினார். பாதி வழியில் கருகல் வாடை வந்தது. எங்கள் லாரிதானோ என்று பதறினேன். எங்களை முந்திப் போன வேறொரு வண்டியின் சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அந்த வண்டி கீழே நல்லபடியாகப் போய் நின்றது. அந்த வாடையை இன்றுவரை நான் மறக்கவில்லை. ஓசூரில் இறக்கிய 700 கிலோவை நினைத்துக்கொண்டேன்.

ஏற்றும் முறையிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் வீடு மாறுகிற நம்மவர்கள் பலர், சொந்தக் காருக்குப் பின்னால் வாடகை டிரெய்லரை மாட்டித் தாங்களே இழுத்துப் போகிறார்கள். 1945-இல் தொடங்கிய யூஹால் நிறுவனம் இந்தத் தொழிலில் பெயர் பெற்றது. பாரத்தில் 60 சதவீதம் டிரெய்லரின் முன்பாதியில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்கிற விதி. பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் மீன்வால் போல ஆடத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் காரையே புரட்டிவிடும். அப்படி ஆடும்போது காரின் பிரேக்கைப் பதறி மிதிக்கக் கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

நம் ஊரில் குடும்பச் சாமானுக்கு அப்படி டிரெய்லர் இழுப்பது வழக்கத்தில் இல்லை. ஆனால் அதே பாடம் 'குட்டி யானை' என்கிற சின்னப் பாரவண்டிக்கும் பிக்கப்புக்கும் பொருந்தும். பீரோ, வாஷிங் மெஷின், கிரைண்டர், புத்தகப் பெட்டி இவையெல்லாம் கேபினை ஒட்டி, தளத்தோடு தளமாக இருக்கட்டும். மெத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியும் மேலேயும் பின்னாலேயும் போகட்டும். கனமானதைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிட்டால் முன்சக்கரம் தரையில் அழுந்தாது, ஸ்டீயரிங் லேசாகி வண்டி பேச்சைக் கேட்காது. கயிறு முதல் 30 கிலோமீட்டரில் தளரும். அத்திப்பள்ளி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீ குடிக்கும் முன் கயிற்றைப் பாருங்கள்.

சட்டமும் இதில் கடுமையாகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவுப்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள்: பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஜிஎஸ்டி இ-வே பில் தேவையில்லை. சாமான் பட்டியலும் முகவரிச் சான்றும் கையில் இருந்தால் நல்லது.

இவ்வளவையும் ஓட்டுநர் தலையில் வைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது என்பதுதான் என் எண்ணம். சின்ன வண்டியாகப் பேசி வாடகையைக் குறைக்கிறவர்கள் நாம். அதில் எல்லாவற்றையும் திணிக்கிறவர்கள் நாம். நல்ல நேரத்துக்குள் பால் காய்ச்ச வேண்டும், விடியற்காலைக்குள் வந்துவிடுங்கள் என்று இரவெல்லாம் போன் செய்கிறவர்களும் நாம். முந்தின நாள் முழுக்க வேறு வீட்டுச் சாமானை ஏற்றி இறக்கியவர் அன்றிரவே நம் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

நேயர்களே, அடுத்த முறை வீடு மாற்ற வண்டி பேசும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். வண்டி எத்தனை கிலோ தாங்கும், ஓட்டுநர் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினார். இரண்டாவது கேள்விக்கு அவர் தயங்கினால், மறுநாள் காலையில் கிளம்புங்கள்.