மண்ணின் பசியை அறிதல்



இலங்கை மலையகத்து மண்ணை ஆராய்வோர் அதில் என்னென்ன சத்துகள் உள்ளன என்று அளப்பது வழக்கம். அம்மண்ணில் வாழும் உயிர்கள் எந்தச் சத்துக்காக அதிகம் உழைக்கின்றன என்று அளக்கும் முறையும் ஒன்றுண்டு. அதுவே மண் நொதிய ஆய்வு. நொதியம் என்பது உயிர்க்கலங்கள் ஆக்கும் புரதம். வேதித்தாக்கத்தை விரைவுபடுத்தியும் தான் தீர்ந்துபோகாதது. காட்டில் உதிரும் இலைகளின் சத்து பெரிய மூலக்கூறுகளுக்குள் அடைபட்டுக் கிடப்பதால், பங்கசுக்களும் பற்றீரியாக்களும் வேர்களும் நொதியங்களைச் சுரந்து அவற்றை உடைத்தே உண்ண வேண்டியிருக்கிறது. பீற்றா குளுக்கோசிடேசு செலுலோசின் துண்டுகளிலிருந்து குளுக்கோசைப் பிரிக்கிறது. பொசுபற்றேசு சேதனப் பொருளிலிருந்து பொசுபேற்றைக் கழற்றுகிறது.

நொதியத்தை ஆக்க நைதரசன் செலவாகும் என்பதால், தேவையற்ற இடத்தில் உயிர்கள் பொதுவாக அதை வீணாக்குவதில்லை. ஆகவே மற்ற நொதியங்களைவிடப் பொசுபற்றேசு மிகுந்திருக்கும் மண்ணில் பொசுபரசுத் தட்டுப்பாடு இருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு. பொசுபற்றேசை அளக்கும் முறையைத் தபதபாயியும் பிரெம்னரும் 1969இல் வெளியிட்டனர்: ஒரு கிராம் மண்ணுடன் பரா நைத்திரோபீனைல் பொசுபேற்றைச் சேர்த்து, 37 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் வைத்து, பின்னர் காரம் இட்டால், நொதியம் வேலை செய்த அளவுக்குக் கரைசல் மஞ்சளாகிறது.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், மண்ணில் பொசுபரசு போதுமா என்ற கேள்விக்குத் தனிப் பொருத்தம் உண்டு. மிகப் பழைய பாறைகளிலிருந்து தோன்றி, மழையால் காரச்சத்துகள் கழுவப்பட்ட அம்மண் அமிலத்தன்மையுடையது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபேற்றை இறுகப் பற்றிக்கொள்வதால், மண்ணில் இருப்பதெல்லாம் வேருக்குக் கிடைப்பதில்லை. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் தேயிலைக்கு நிழல் தரும் கிரவில்லியா மரம் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது: தூரிகை போல் அடர்ந்த குச்சுவேர்களை வளர்த்து, அவற்றின் வழியே சேதன அமிலங்களையும் பொசுபற்றேசையும் சுரந்து, பூட்டப்பட்ட பொசுபரசை அது விடுவித்துக்கொள்கிறது.

எனினும் நொதிய அளவு ஒரு குறியே, தீர்ப்பு ஆகாது. ஈரமும் வெப்பமும் அமிலத்தன்மையும் அதை மாற்றும். நைதரசன் உரம் இட்டாலும் பொசுபற்றேசு உயர்வதுண்டு. அம்மலைநாட்டின் ஹோட்டன் சமவெளியில் 1970களின் பிற்பகுதி முதல் கவனிக்கப்பட்டுவரும் மரங்களின் உச்சிக் காய்தலுக்குச் சத்துக்குறை, அலுமினிய நஞ்சு, வறட்சி, மான் சேதம் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன; அங்கே நொதிய எண்ணொன்றை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறினால் அது அவசரமாகும். சத்தை உண்மையிலேயே இட்டுப் பார்த்து, மரத்தின் வளர்ச்சியையும் இலையின் சத்தையும் ஒப்பிடுவதே உறுதியான சோதனை.

அவசரத்தின் விலையை மலையகம் அறியும். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. உரத்தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து, 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 250 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. கூடை நிறையாத நாளில் அக்கணக்கு கொழுந்து பறிப்பவரின் சம்பளத்தில் வந்து நிற்கிறது.

ஆகவே இன்று பட்டம் பெறுவோர் எந்த அலுவலகத்தில் அமர்ந்தாலும், உரத்தைக் கொட்டுமாறோ நிறுத்துமாறோ கையொப்பம் இடுமுன், அந்த மலையின் மண்ணை ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்களாக. சோதனை சொன்னதை அம்மலையில் நாள்தோறும் ஏறி இறங்குவோரிடமும் கேட்டுச் சரிபார்ப்பார்களாக.