சைக்கிளை விட்டு இறங்காமல்

(கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை தனியாகச் சைக்கிளில் புறப்படும் மாணவத் தோழருக்கான வழியனுப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வாழ்த்திப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு வாழ்த்து வராது. தம்பி நாளை மறுநாள் கிளம்புகிறார். தேசிய நெடுஞ்சாலை 44, மொத்தம் 3,700 கிலோமீட்டருக்கு மேல், தனி ஆள். நானும் இந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போய் வந்தவன். அதனால் மாலை போட்டுக் கைதட்டுவதைவிட அவருக்கு வழியில் உதவுகிற மாதிரி நாலு வார்த்தை பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சைக்கிள் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே ராகம்தான் பாடுகிறார்கள். தனியாகப் போ. மனிதர்களை நம்பு. முன்பின் தெரியாத வீட்டில் சோறு கிடைக்கும், படுக்கத் திண்ணை கிடைக்கும். இது பொய் என்று நான் சொல்லவில்லை. கிடைக்கத்தான் செய்கிறது. யாருக்குக் கிடைக்கிறது என்பதைத்தான் நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

இந்த ராகத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். 1884 ஏப்ரல் 22-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி ஆகஸ்ட் 4-ஆம் தேதி பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை. ஏறத்தாழ 3,700 மைல். அமெரிக்காவைச் சைக்கிளில் குறுக்கே கடந்த முதல் ஆள் அவர்தான். நீங்கள் ஓட்டுகிற மாதிரி சைக்கிளும் இல்லை அது. முன்சக்கரம் நாலடிக்கு மேல் உயரம், பின்னால் ஒரு குட்டிச் சக்கரம், மேலே ஏறி உட்கார்ந்தால் மாட்டு வண்டிக்காரனைக் குனிந்துதான் பார்க்கவேண்டும். அவர் கொண்டுபோன சாமான்: காலுறை, ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் போர்வையாகவும் ஆகிற ஒரு மழைக்கோட்டு, ஒரு ரிவால்வர். ரிவால்வரைக் கவனியுங்கள். மனிதர்களை நம்பிப் போனவரின் சட்டைப்பையில் அதுவும் இருந்தது.

மலை, பனி, மணல் என்று மூன்றில் ஒரு பங்கு தூரத்தை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடந்தார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் நடந்தது எதன் மேல்? சியரா நெவாடா மலையில் ரயில் பாதையோரமாக, பனி விழாமல் இருக்கத் தண்டவாளத்துக்கு மேல் போட்டிருந்த மரக் கொட்டகைகளுக்குள் நடந்தார். அந்தப் பாதையை மலையைக் குடைந்து போட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் கூலிகள். 1869-இல் பாதை வேலை முடிந்தது. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் இனி அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று சட்டம் வந்தது. 1884-இல் ஸ்டீவன்ஸ் அந்தப் பாதையில் ஜாலியாகப் போனார். அவர் கடந்துபோன அதே ரயில் தடத்தில் வையோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சுரங்க ஊர். மறு வருஷம், 1885 செப்டம்பர் 2-ஆம் தேதி, அங்கே குறைந்தது 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்று, அவர்கள் குடியிருப்பைக் கொளுத்தினார்கள். ஒருவனுக்கும் தண்டனை இல்லை. கீழ்வெண்மணியைத் தெரிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

தனியாகப் போனார் என்று வரலாறு எழுதுகிறது. பாதை போட்டவன் அந்தக் கணக்கில் வரவில்லை.

அடுத்த பத்து வருஷத்தில் அமெரிக்காவில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. நல்ல சாலை வேண்டும் என்று அரசாங்கத்தை நெருக்கியதே சைக்கிள்காரர்களின் சங்கம்தான். அந்தச் சங்கம் 1894-இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி போட்டது. சாலை எல்லோருக்கும் வேண்டுமாம், சங்கம் மட்டும் அவர்களுக்காம்! பாஸ்டனில் கிட்டி நாக்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண், தையல் வேலை செய்கிறவர், விதி வருவதற்கு முன்பே உறுப்பினரானவர். 1895-இல் அந்தச் சங்கத்தின் மாநாட்டுக்கு உறுப்பினர் அட்டையோடு போய் நின்றார். பெரிய ரகளையானது. அந்த விதியை முறைப்படி நீக்கியது எப்போது தெரியுமா? 1999-இல்.

கறுப்பர்கள் அந்தக் காலத்தில் நெடுந்தூரம் சைக்கிளில் போகவே இல்லையா என்றால், போனார்கள். 1897 ஜூன் 14-ஆம் தேதி மொன்டானாவிலிருந்து ராணுவத்தின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்புச் சிப்பாய்கள் கிளம்பினார்கள். துப்பாக்கி, கூடாரம், சாப்பாட்டு மூட்டை எல்லாம் சைக்கிளில். 1,900 மைல் தாண்டி ஜூலை 24-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார்கள். நெப்ராஸ்காவின் மணல்மேட்டில் சைக்கிள் உருளவில்லை. குடித்த தண்ணீர் வயிற்றைக் கெடுத்தது. கூட ஒரு வெள்ளை அதிகாரி. அவர் பெயர்தான் புத்தகங்களில் முதலில் வரும். சோதனை வெற்றி என்றார்கள், ரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள், திட்டத்தைக் கைவிட்டார்கள். அதே படைப்பிரிவைச் சேர்ந்த 167 பேரை, டெக்சாஸில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்கு விசாரணையே இல்லாமல் பொறுப்பாக்கி, 1906-இல் ஒரே உத்தரவில் வேலையை விட்டு நீக்கினார் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். 1972 வரை அந்தக் களங்கம் அவர்கள் பெயரில் இருந்தது.

வெள்ளைக்காரர் தன் இஷ்டத்துக்குத் தனியாகப் போகிறார், கறுப்பர் அணிவகுத்து உத்தரவின் பேரில் போகிறார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

தம்பி கிளம்புகிற கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அந்தத் திருவிதாங்கூரில் 1893-இல், அதாவது ஸ்டீவன்ஸ் அமெரிக்காவைக் கடந்து ஒன்பது வருஷம் கழித்து, புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். தலைப்பாகை கட்டி, வெள்ளை வேட்டி உடுத்தி, பொதுச்சாலையில் வண்டியை ஓட்டினார். சில மைல்தான். அதற்கே அடிதடி. ஆயிரக்கணக்கான மைல் போன ஸ்டீவன்ஸின் பயணத்தைவிட இந்தச் சில மைல் பெரிது என்று நான் நினைக்கிறேன். சிலர் சிரிக்கலாம்.

என் அப்பாவிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. நான் முன்பக்கம் பாரில் உட்கார்ந்து வருவேன். கோயில் திருப்பம் வந்ததும் இறங்குவார், என்னையும் இறக்குவார். ஊர்த்தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு நடப்பார். கடைசி வீடு தாண்டியதும் ஏறுவோம். "ஏம்ப்பா இறங்குறோம்?"னு கேட்டால், "செயின் கழண்டுக்கிச்சுடா" என்பார். தினமும் அதே இடத்தில் செயின் கழண்டது. ஸ்டீவன்ஸ் மேடு ஏற முடியாமல் தள்ளினார். எங்கள் ஊர்த்தெருவில் மேடே கிடையாது.

2006-இல் நான் மதுரையிலிருந்து நாக்பூர் வரை போனேன். பாபாசாகேப் தீட்சை எடுத்து ஐம்பதாவது வருஷம். செப்டம்பர் 25-இல் கிளம்பி, சேலம், ஓசூர், பெங்களூர், அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், ஆதிலாபாத் வழியாக அக்டோபர் 12-இல் சேர்ந்தேன். அப்போது அந்தச் சாலைக்கு 7-ஆம் எண். சுமார் 1,500 கிலோமீட்டர். பஞ்சர் கணக்கெல்லாம் சொல்லி உங்களைச் சலிப்பூட்டமாட்டேன். இருபத்தெட்டு அங்குலச் சாதா சைக்கிளில் போனேன். எந்தக் கிராமத்துக் கடையிலும் அதற்கு டியூப் கிடைக்கும். தம்பி வைத்திருக்கிற வண்டிக்குக் கிடைக்காது, மூன்று டியூபாவது கையில் இருக்கட்டும்.

நான் அந்தப் பயணத்தில் கண்டுகொண்டது ஒன்று. நெடுஞ்சாலையோரத் தாபாவில் யாரும் சாதி கேட்பதில்லை. லாரி டிரைவர் இன்னிக்கு இருப்பான், நாளைக்கு இருக்கமாட்டான். காசைக் கொடு, ரொட்டியைத் தின்னு, கயிற்றுக் கட்டிலில் படு. பெட்ரோல் பங்கிலும் அப்படித்தான். ஆனால் நெடுஞ்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே திரும்பினால் கேள்வி வந்துவிடும். காரில் போகிறவனை ஊர் கேட்க முடியாது, அவன் வேகமாகப் போய்விடுகிறான். சைக்கிள்காரன் மெதுவாக வருகிறான், தாகத்தோடு வருகிறான், நிற்கிறான். சைக்கிள் பயணத்தின் அழகு என்று எதைச் சொல்கிறார்களோ, அந்த மெதுவான வேகம்தான் நம்மைக் கேள்விக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கேள்வி ஊருக்கு ஊர் வேஷம் மாற்றும். நம்மூரில் "எந்தத் தெரு தம்பி?" ஆந்திராவில் "மீ குலம் ஏமிட்டி?" என்று நேராகவே வரும். மகாராஷ்டிராவில் "ஆட்நாவ் காய்?", அதாவது குடும்பப் பெயர் என்ன. இந்தி பேசுகிற பக்கம் "பூரா நாம்?" முழுப்பெயர் சொல்லு. தமிழ்நாட்டுக்காரன் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்றால் அவர்களுக்குத் தூக்கம் வராது. அப்பா பெயரைச் சொன்னால் அப்பாவுக்குப் பின்னால் என்ன என்பார்கள்.

அனந்தபூர் தாண்டி ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த மனிதர் உண்மையிலேயே நல்லவர். மதுரையிலிருந்து வருகிறேன் என்றதும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சைக்கிளைக் காட்டினார். சொம்பில் தண்ணீர் எடுத்துவர உள்ளே போகச் சொன்னார். உள்ளிருந்து ஒரு வயதான அம்மா கேள்வியைக் கேட்டார். நான் மறைக்கவில்லை. சொம்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. "வச்சுக்கோ, வழிக்கு ஆகும்" என்று சிரித்த முகத்தோடு கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன், தாகம். தோழர்களே, இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற கப்பு வந்தபிறகு குவளையைப் பிரித்துவைக்க வேண்டிய சிரமம்கூட அவர்களுக்கு இல்லை.

ஆதிலாபாத் பக்கம் ஒரு டீக்கடையில் தெலுங்குப் பத்திரிகையில் கன்ஷிராம் படம் பார்த்தேன். அக்டோபர் 9-இல் இறந்துவிட்டார். சைக்கிளை அரசியலுக்குப் பயன்படுத்தத் தெரிந்த மனிதர். 1983-இல் பல மாநிலங்கள் வழியாகச் சைக்கிள் பேரணி நடத்தினார், மறு வருஷம் கட்சி பிறந்தது. அந்தக் கடையில் அவரைப் பற்றிப் பேச எனக்கு ஆள் இல்லை. தனிமை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாக்பூரில் தீட்சாபூமியில் அக்டோபர் 14 அன்று கூட்டத்தில் நின்றேன். பக்கத்துப் பண்டாரா மாவட்டத்தில் கயர்லாஞ்சியில் போத்மாங்கே குடும்பத்தில் தாய், மகள், இரண்டு மகன்கள், நாலு பேரைக் கொன்று பதினைந்து நாள் ஆகியிருந்தது. செப்டம்பர் 29, நான் பெங்களூரை நெருங்கிக்கொண்டிருந்த நாள். அவர்கள் நிலத்தின் வழியே ஊர்க்காரர்கள் பாதை கேட்ட தகராறும் அதற்குப் பின்னால் இருந்தது. என்னைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. செய்தி அமுங்கிக் கிடந்து, நவம்பரில்தான் நாக்பூர் தெருக்கள் கொதித்தன. பாதை பாதை என்று இவ்வளவு நேரம் பேசுகிறேன், அந்தப் பாதையும் இதில் சேரும்.

நம்மில் ஒருவர் இதைவிட நெடுந்தூரம் போயிருக்கிறார். ஒரிசாவில் தீண்டப்படாத குடும்பத்தில் பிறந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகானந்தியா. 1977-இல் டெல்லியிலிருந்து பழைய சைக்கிளில் கிளம்பி ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக அய்ரோப்பாவுக்குப் போய், அந்த வருஷமே ஸ்வீடன் சேர்ந்தார். வழியில் ஆட்களைப் படம் வரைந்து கொடுத்துச் சோறும் இடமும் பெற்றார். பத்திரிகைகள் அதைக் காதல் கதையாக மட்டும் எழுதுகின்றன. காதல் உண்மைதான், மனைவியைத் தேடித்தான் போனார். ஆனால் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே உட்காரவைக்கப்பட்ட பையன் அவர். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு ரோஜாப்பூவுக்குப் போய்விடுகிறார்கள்.

பெண் தோழர் ஒருவர் வாசலிலேயே கேட்டார், "நாங்க தனியாப் போனா இதே கூட்டம் போடுவீங்களா?" என்று. நியாயமான கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசாத வாய் இல்லை. அவர்கள் கூட்டமாகப் பழகினார்கள், கூட்டமாக ஓட்டினார்கள், பிறகு ஒருத்தி தனியாகப் போகிறபோது அது அதிசயமாக இல்லை. அடுத்த வருஷம் அந்தத் தோழர் கிளம்பட்டும், நான் வருகிறேன்.

தம்பிக்குக் கடைசியாகச் சில. எந்த ஊரிலும் இருட்டுகிற நேரத்துக்கு அம்பேத்கர் சிலை எந்தப் பக்கம் என்று கேள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கூண்டுக்குள் இருக்கும், வெளி மாநிலங்களில் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் திசையில் நம் சனம் இருக்கும். விதர்பாவில் புத்த விகார் கேள். பஞ்சாபில் எந்த குருத்வாராவிலும் ஒரே வரிசையில் சோறு போடுவார்கள், தயங்காமல் உட்கார். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 32 பேர் தலித்துகளாக இருக்கிற அந்த மாநிலத்திலும் பல ஊர்களில் நமக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள். ஜம்முவுக்கு அப்புறம் மண்சரிவில் சாலையை மூடுவார்கள், அவசரப்படாதே. யார் கேட்டாலும் சாதியை மறைக்காதே என்று நான் உத்தரவு போடமாட்டேன். இரவு எட்டு மணிக்கு, தெரியாத ஊரில், கேட்கிறவன் கையில் கம்பு இருந்தால் என்ன சொல்வது என்பதை அங்கே நிற்கிறவன்தான் முடிவு செய்யவேண்டும். பத்திரமாகப் போய்ச் சேர்வதும் போராட்டம்தான்.

வழியில் இருக்கிற மாவட்டத் தோழர்களின் தொலைபேசி எண்கள் இந்த நோட்டில் இருக்கின்றன. கர்நூலிலிருந்து ஹைதராபாத் வரை ஆள் இல்லை, இங்கே யாருக்காவது தெரிந்தவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் எழுதிக் கொடுங்கள். எந்த ஊர், யார் தண்ணீர் கொடுத்தார், எதில் கொடுத்தார் என்று தம்பி தினமும் எழுதிக்கொண்டு வருவார். திரும்பி வந்ததும் இதே இடத்தில் வாசிக்கவேண்டும்.

இனி அவர் பேசட்டும். வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன், பின்சக்கரத்தில் காற்று குறைவு. யாராவது பம்பு எடுத்துக்கொண்டு போங்கள்.