ஓய்வூதியம் கருணைக் கொடை அல்ல

(முதியோரின் சமூகப் பாதுகாப்பு குறித்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



உத்தரகண்ட் மாநிலம் பௌரி கார்வால் மாவட்டத்தின் மலைக் கிராமம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு முதியவர். 1944இல் பிறந்தவர். 1963இல் சிப்பாயாகப் படையில் சேர்ந்து 1965, 1971 ஆகிய இரு போர்களையும் கண்டவர். 1980இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பி, படிக்கட்டு வயல்களில் ஏர் பிடித்தவர். மகன்கள் பிழைப்புத் தேடித் தில்லிக்கும் தேராதூனுக்கும் சென்றுவிட்டனர். உடனிருந்து காப்பவர் மகள் மட்டுமே. இவர் ஒரு தனி மனிதரின் பெயரல்லாத உருவம். மலையிலும் சமவெளியிலும் வாழும் ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர்களின் அன்றாட அனுபவம் ஒருசேரத் திரண்ட உருவம்.

ஆண்டுதோறும் இம்முதியவர் தாம் உயிரோடு இருப்பதை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டும். வாழ்நாள் சான்று அளிக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். மகள் அவரை வாடகை ஜீப்பில் ஏற்றி, இரண்டு மணி நேர மலைப்பாதையைக் கடந்து பொதுச் சேவை மையத்துக்கு அழைத்து வருகிறார். கருவியின் மீது விரல் வைக்கப்படுகிறது. துப்பாக்கியும் மண்வெட்டியும் பிடித்துத் தேய்ந்த விரல், ரேகை பதியவில்லை. பத்து விரல்களும் வைத்துப் பார்த்தாயிற்று. கண்புரை முற்றியிருப்பதால் கருவிழிப் பதிவும் பலிக்கவில்லை. “உங்கள் தந்தை உயிரோடு இருப்பதை நான் மறுக்கவில்லை, சகோதரி. கணினிதான் ஏற்க மறுக்கிறது” என்கிறார் மையத்தின் இளைஞர். அவர்மீது குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 80 வயது நிறைந்தவர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வழங்கப்பட வேண்டும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் 100 சதவீதம் என அது உயர்ந்து செல்லும். ஆறாவது ஊதியக்குழுவின் பரிந்துரையால் கிடைத்த உரிமை இது. ஆனால் படைவிடுப்புப் புத்தகத்தில் 1944 என்றும் ஆதார் அட்டையில் 1947 என்றும் பிறந்த ஆண்டு பதிவாகியிருக்கிறது. ஆதார் எடுக்க வந்தவர் உத்தேசமாகக் குறித்துக்கொண்டு போன ஆண்டு அது. அதைத் திருத்துவதற்கு மகள் எத்தனை முறை மலையிறங்கினார் என்பதற்கு எந்தக் கணினியிலும் கணக்கில்லை.

தொடுதல் என்னும் பெயரில்

பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்களுக்கு முன்பு வங்கிகள் வழியே ஓய்வூதியம் வழங்கப்பட்டது. தெரிந்த வங்கி, முகம் அறிந்த எழுத்தர், கையில் ஒரு பதிவேடு என்றிருந்த ஏற்பாடு அது. குறைகள் அதிலும் இருந்தன. எனினும் கேட்பதற்கு ஒரு மனிதர் இருந்தார். இப்போது ‘ஸ்பார்ஷ்’ என்னும் இணையவழி ஏற்பாட்டின்கீழ் பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் நேரடியாக ஓய்வூதியத்தைச் செலுத்துகிறது. ஸ்பார்ஷ் என்றால் தொடுதல் என்று பொருள். மனிதத் தொடுதல் முற்றாக நீக்கப்பட்ட ஏற்பாட்டுக்கு இப்படியொரு பெயர்!

இதன் விளைவு 2022 ஏப்ரல் மாத இறுதியில் வெளிப்பட்டது. ஆண்டு அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்ற காரணத்தால் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் அம்மாத ஓய்வூதியம் வரவு வைக்கப்படவில்லை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பின்னரே, ஒருமுறை விலக்கு என அறிவித்து, மே முதல் வாரத்தில் பணம் விடுவிக்கப்பட்டது. சில நாள் தாமதம்தானே என்று அமைச்சகம் கருதலாம். மாத்திரைக்கும் மளிகைக்கும் அந்த ஒரு தொகையையே நம்பியிருக்கும் எண்பது வயது மனிதருக்குச் சில நாள் என்பது சிறிய காலமல்ல.

கணினிமயமாக்கலை யாரும் எதிர்க்கவில்லை. தலைமை அலுவலகத்தின் வேலை எளிதாகியிருக்கிறது. அந்தச் சுமை எங்கே சென்றது என்பதே கேள்வி. அது முதியவரின் தோளுக்கும், அவரை அழைத்துச் செல்வதற்காக அன்றைய கூலியை இழக்கும் மகளின் தோளுக்கும் மாற்றப்பட்டிருக்கிறது. முதியோரைப் பராமரிக்கும் உழைப்பு கூலியற்ற உழைப்பு; பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. எழுத்தர் செய்துவந்த வேலையும் இப்போது அதனோடு சேர்ந்துவிட்டது.

உரிமையா, சலுகையா?

1982 டிசம்பர் 17 அன்று டி.எஸ். நகரா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. ஓய்வூதியம் முதலாளியின் மனமுவந்த கொடையோ கருணையோ அல்ல, செய்து முடித்த பணிக்கான ஈடு, சமூக-பொருளாதார நீதியை வழங்கும் நடவடிக்கை என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். முதுமையில் அரசின் உதவியைப் பெறும் உரிமைக்கு வழிவகை செய்ய வேண்டுமென அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவும் அரசைப் பணிக்கிறது.

ஆனால் நடைமுறை என்ன? ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ கோரி முன்னாள் படைவீரர்கள் 2015 ஜூனில் ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாளில், மார்பில் பதக்கங்கள் அணிந்த முதியவர்களைக் காவல்துறை இழுத்துத் தள்ளிய காட்சியை நாடு பார்த்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசாணை வந்தது. அதன்பின்னும் 2016 நவம்பர் 1 அன்று, ஹரியானாவைச் சேர்ந்த முன்னாள் சுபேதார் ராம் கிஷன் கிரேவால் இப்பிரச்சனையில் மனமுடைந்து தில்லியில் உயிர் துறந்தார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யப்பட வேண்டிய திருத்தத்தை 2019 ஜூலை முதல் கணக்கிட்டு மூன்று மாதங்களில் நிலுவையை வழங்குமாறு 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மூன்று மாதம் ஓராண்டாயிற்று. கடைசியில் 2023 மார்ச்சில், குடும்ப ஓய்வூதியர்களுக்கு ஏப்ரல் இறுதிக்குள், 70 வயது கடந்தவர்களுக்கு ஜூன் இறுதிக்குள், ஏனையோருக்கு 2024 பிப்ரவரிக்குள் என்று நீதிமன்றமே தவணைக்கு நாள் குறிக்க வேண்டியதாயிற்று. வழக்கு நடந்த காலத்தில் மறைந்துபோனவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

ஊனமுற்ற வீரர்களின் நிலையும் இதுவே. பணியில் சேரும்போது இல்லாத நோய் பின்னர் ஏற்பட்டால், அது பணியால் விளைந்ததென்றே கொள்ள வேண்டும்; அல்லவெனில் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதன் பின்னரும், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் வெற்றிபெற்ற வீரர்களை எதிர்த்து ஒன்றிய அரசு மேல்முறையீடு செய்துகொண்டே இருக்கிறது. மேடையில் வீரவணக்கம், நீதிமன்றத்தில் எதிர்வழக்கு.

ஓய்வூதியமே இல்லாதவர்கள்

மேலே சொன்ன முதியவராவது ஓய்வூதியம் பெறுபவர். பதினைந்து ஆண்டுப் பணியை நிறைவு செய்யாமல், குடும்பச் சூழலால் வெளியேறிய சிப்பாய்க்கு மாதாந்திர ஓய்வூதியமே கிடையாது. அவர் போர்முனையில் நின்றிருக்கலாம்; ஆனாலும் கணக்கில் ஆண்டுகள் குறைவு. வருமானமற்ற நிலையில், ஹவில்தார் வரையிலான பதவியினருக்கு 65 வயதுக்கு மேல் வறுமை மானியம் என்ற பெயரில் ஒரு தொகை வழங்கப்படுகிறது. நீண்டகாலம் மாதம் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால் இது சட்டப்பூர்வ ஓய்வூதியம் அல்ல. கொடி நாள் நிதியத்தின் உட்பிரிவான நலநிதியிலிருந்து வழங்கப்படும் மானியம். நாட்டின் எல்லையைக் காத்தவர் தம்மை வறியவரென்று மெய்ப்பித்து, மனு எழுதிக் காத்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

நேற்று விதிவிலக்காக இருந்த இந்த நிலையை நாளைய பொது விதியாக்குவதுதான் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம். நான்கு ஆண்டுப் பணி. நான்கில் ஒருவர் மட்டுமே தொடர முடியும். ஏனையோருக்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. கையில் வரும் சுமார் 11.71 லட்சம் ரூபாயில், வட்டி நீங்கலாகப் பாதி அவர்களுடைய சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. ஓய்வூதியச் செலவைக் குறைப்பதே நோக்கம். நவீன தாராளமயம் ஆலையிலும் அலுவலகத்திலும் நிரந்தரப் பணியை ஒழித்தது. பாசறையையும் அது விட்டுவைக்கவில்லை.

பிரிக்க முடியாத கோரிக்கை

படைவீரரின் முதுமையை மற்ற உழைப்பாளிகளின் முதுமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. சிப்பாய் என்பவர் சீருடை அணிந்த விவசாயி. அவருடைய தம்பி கட்டுமானத் தொழிலாளி; தங்கை அங்கன்வாடி ஊழியர். தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் வெறும் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். தொழிலாளர் வருங்கால வைப்புநிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளைப் பொறுப்பாக்க 2007இல் சட்டம் இயற்றப்பட்டது. சரியே. பேணாத அரசைப் பொறுப்பாக்கும் சட்டம் எங்கே?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. மனிதர் ஒருவர் நேரில் சென்று விசாரிக்காமல் எவருடைய ஓய்வூதியத்தையும் நிறுத்தக் கூடாது. 80 வயது கடந்தவர்களின் வாழ்நாள் சான்றை அரசு ஊழியரே வீடுதேடிச் சென்று கட்டணமின்றிப் பெற வேண்டும். ஓய்வூதியமற்ற முன்னாள் வீரர்களுக்கும் அவர்தம் மனைவியருக்கும் நிதிநிலை அறிக்கையிலிருந்தே ஓய்வூதியம் வழங்க வேண்டும். அக்னிபத் கைவிடப்பட வேண்டும். அனைத்து முதியோருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிக்குக் குறையாத ஓய்வூதியம் சட்டமாக்கப்பட வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை, தோழர்களே. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் குடும்பங்களைப் பட்டியலிடலாம். படைவிடுப்புப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்று பார்க்கலாம். மனைவியின் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதை அவர் உயிரோடிருக்கும்போதே உறுதி செய்வது மிக முக்கியம். இல்லையேல் குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த மூதாட்டி தனியே அலைய நேரிடும். மாவட்ட சைனிக் நல அலுவலகத்துக்கு அந்த மகளோடு நம் தோழர் ஒருவரும் செல்லட்டும். தனியாகச் சென்றால் அது மனு. பத்துப் பேர் சேர்ந்து சென்றால் அது கோரிக்கை. மாவட்டமே திரண்டு சென்றால் அது இயக்கம்.

அந்தப் பெரியவர் அரசிடம் எதையும் இரந்து கேட்கவில்லை. பதினேழு ஆண்டு உழைப்புக்கான கூலியின் மீதியைக் கேட்கிறார். அதை அவர் கண்ணால் காணும் காலத்திலேயே பெற்றுத் தருவது உழைக்கும் மக்கள் இயக்கத்தின் கடமை.