நரம்பு வலிக்கு மருந்து: நன்மையும் எச்சரிக்கையும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டித் திருவண்ணாமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியன் ஒருவன் விழா மேடையேறினால் சிந்தாமணியையோ நாலடியாரையோ பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இவ்வாண்டு அறக்கட்டளையினர் உடல்நலம் பற்றிப் பேசுமாறு பணித்தனர். அது நம் மரபுக்குப் புறம்பான பொருளன்று. கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்த மருந்தின் பெயர் அது. காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலமும் ஐந்து வேர்களால் ஆகிய மருந்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. உணவு, அடைக்கலம், மெய்ந்நூல் ஆகியவற்றோடு மருந்தையும் சேர்த்தே தானம் நான்கு என்று நம் முன்னோர் வகுத்தனர்.

நான் மருத்துவன் அல்லன். நீரிழிவால் பாத எரிச்சல் உற்று, மருத்துவர் எழுதித் தந்த மருந்தைச் சில ஆண்டுகளாக உண்டு வருபவன். கேட்டும் படித்தும் தெளிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன். உங்களுக்குரிய மருந்தையும் அதன் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவரே.

முதலில் நரம்பு வலி எத்தகையது என்று பார்ப்போம். முள் குத்தினால் வலிக்கிறது. முள்ளை எடுத்தால் வலி அடங்குகிறது. அங்கே நரம்பு செய்தி கொண்டுசெல்லும் தூதன். நரம்பு வலியிலோ தூதனே நோயுற்றவன். முள் இல்லாமலே குத்துகிறது. நெருப்பு இல்லாமலே எரிகிறது. மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்கிறது. போர்வை பட்டாலும் பொறுக்க முடிவதில்லை. இரவில் இது மிகுதி. காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் உண்ணும் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் இவ்வலிக்குப் பெரும்பாலும் பயன் தருவதில்லை. அவை பயன் தரவில்லை என்று மேலும் மேலும் உண்பவர் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்துக்கொள்கின்றனர்.

இதன் காரணங்களுள் முதன்மையானது நீரிழிவு. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல் என்று கணித்தது. அக்கி வந்து ஆறிய இடத்தில் தங்கும் எரிச்சல், முகத்தில் மின்வெட்டாய்ப் பாயும் வலி, முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கிக் காலில் இறங்கும் வலி ஆகியனவும் இவ்வகையைச் சார்ந்தவையே.

நம் குடும்பங்கள் தனியே கருத வேண்டிய காரணம் ஒன்றுண்டு. அது வைட்டமின் பி12 குறைபாடு. இச்சத்து செடிகொடிகளிலிருந்து கிடைப்பதில்லை. புலால் உண்ணாத நமக்குப் பாலும் தயிருமே வாயில்கள். வயது ஏற ஏற உடல் இதனை ஏற்கும் ஆற்றலும் குறைகிறது. நீரிழிவுக்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் உண்போர்க்கு இது மேலும் குறையக்கூடும். பி12 குறைந்தாலும் பாதம் மரத்துப்போகும், எரியும். எனவே பாத எரிச்சல் என்றவுடன் சர்க்கரைமேல் மட்டும் பழி போடாமல், இரத்தத்தில் பி12 அளவையும் பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். குறைபாடு இருந்தால் அதை நிரப்புவதே மூல மருத்துவம். கொல்லாமையை விடாமலே மாத்திரையாகவோ ஊசியாகவோ நிரப்பலாம். மருந்துக்குரிய பி12 நுண்ணுயிர்களைக்கொண்டு ஆக்கப்படுவது.

இனி மருந்துகளைப் பார்ப்போம். பெரிதும் வழங்குபவை நான்கு: அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், காபாபென்டின், பிரிகாபாலின். முகநரம்பு வலிக்குக் கார்பமாசெபைன் தனிச் சிறப்புடையது. முதல் இரண்டும் மனச்சோர்வுக்கென வந்தவை. மற்றவை வலிப்பு நோய்க்கும் வழங்குபவை. அமெரிக்காவில் காபாபென்டின் 1993-இல் வலிப்புக்கும், 2002-இல் அக்கிக்குப் பின் வரும் வலிக்கும் ஒப்புதல் பெற்றது. மருந்துத் தாளைப் படித்துவிட்டு, "எனக்கு வலிப்பும் இல்லை, மனநோயும் இல்லை, இதை ஏன் கொடுத்தார்?" என்று அஞ்சி நிறுத்துவோர் உண்டு. அந்த அச்சம் தேவையில்லை. மிகையாகத் துடிக்கும் நரம்பின் செய்தியைத் தணிப்பதே இவற்றின் வேலை.

இவற்றால் விளையும் நன்மை உண்மையானது, எனினும் அளவானது. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை ஒன்று ஒரு கணக்குத் தந்தது. ஒருவருக்கு வலி பாதியளவு குறைய வேண்டுமானால், வெறும் மாத்திரை தரும் பயனுக்கு மேற்பட்டு, எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்பது அக்கணக்கு. அமிட்ரிப்டிலின் வகைக்கு ஏறத்தாழ 4 பேர். டுலாக்செட்டின் வகைக்கு 6 பேர். காபாபென்டினுக்கு 7 பேர். பிரிகாபாலினுக்கு 8 பேர். ஆகவே ஒரு மருந்து பயன் தராவிடில் அது நோயாளியின் குற்றமும் அன்று, மருத்துவரின் குற்றமும் அன்று. சில வாரம் பார்த்து, அளவை மாற்றியோ வேறு மருந்துக்கு மாறியோ முயல்வதே முறை. வலி அறவே நீங்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். இரவில் உறங்கவும் பகலில் நடக்கவும் முடிகிற அளவுக்குத் தணிந்தால் அதுவே பெரும்பேறு. உறக்கமற்ற முதியவர் ஒருவர் வீட்டில் இருந்தவர்க்கே இதன் அருமை தெரியும்.

தீங்குகளையும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பிரிகாபாலினும் காபாபென்டினும் மயக்கம், தள்ளாட்டம், தூக்கக் கலக்கம், கால் வீக்கம், உடல் எடை கூடுதல் ஆகியவற்றைத் தரலாம். முதியவர் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது இதனால் நேரக்கூடும். இவை சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவன. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அளவைக் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரை, அபினி வகை வலிமருந்து, மது ஆகியவற்றோடு சேர்ந்தால் மூச்சே தளரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் எச்சரித்தது. மூச்சுநோய் உள்ளவர்க்கும் முதியவர்க்கும் இவ்வெச்சரிக்கை சிறப்பாக உரியது. தவறாகப் பயன்படுத்துவோர் பெருகியதால் பிரிட்டன் அதே ஆண்டு ஏப்ரலில் இவ்விரண்டையும் கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளாக்கியது.

அமிட்ரிப்டிலின் வாய் உலர்வையும் மலச்சிக்கலையும் தரும். ப்ராஸ்டேட் வீக்கம், கண் நீரழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் அவற்றை மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். டுலாக்செட்டினால் குமட்டல் வரலாம். உணவோடு உண்டால் அது குறையும். கல்லீரல் நோயுடையார்க்கு அது ஆகாது. கார்பமாசெபைன் உண்ணத் தொடங்கியபின் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். அரிதாயினும் உயிருக்கே இடர் தரும் ஒவ்வாமை அது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலை இங்குச் சொல்ல வேண்டும். பிரிகாபாலினையும் மெத்தில்கோபாலமின் என்னும் பி12 வகையையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கின்றனர். அட்டையில் வைட்டமின் பெயரைக் கண்டவர் அதனைச் "சத்து மாத்திரை" என்று எண்ணிவிடுகின்றனர். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கின்றனர்; பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டே இருக்கின்றனர். அட்டையில் உள்ள சிவப்புக் கோடு மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது என்பதன் அடையாளம். ஒருவருக்கு அளந்து கொடுத்த மருந்தை மற்றவருக்குக் கொடுப்பது மருந்துதானம் ஆகாது. வறியவர்க்கு உரிய மருத்துவரைக் காட்டி, உரிய மருந்தை வாங்கித் தருவதே அத்தானம்.

இப்போது நம் நெறி பற்றி எழும் ஐயங்களுக்கு வருவோம். முதலாவது, உறைமாத்திரை. பிரிகாபாலினும் காபாபென்டினும் டுலாக்செட்டினும் பெரும்பாலும் உறையில் இட்டு வருகின்றன. அவ்வுறை வழக்கமாக ஜெலட்டினால் ஆனது; ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. தாவரப் பொருளால் உறை செய்யலாமா என்று 2016-இல் மைய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கருத்துக் கேட்டது. ஆயினும் ஜெலட்டின் உறையே இன்றும் பரவலாக வழங்குகிறது. உணவுப் பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளியை மருந்து அட்டையில் தேட முடியாது. இதனை அறிந்த நம்மவர் சிலர் உறையைப் பிரித்துத் தூளை மட்டும் உண்கின்றனர். சிலர் மருந்தையே விட்டுவிடுகின்றனர். இரண்டும் வேண்டா. டுலாக்செட்டின் உறையினுள் இருப்பவை வயிற்று அமிலத்திலிருந்து காக்கும் பூச்சுடைய மணிகள், நசுக்கினால் கெடும். பிரிகாபாலினும் காபாபென்டினும் உறையில்லா மாத்திரையாகவும் கிடைக்கின்றன. "எங்களுக்கு ஜெலட்டின் ஆகாது, மாத்திரையாக எழுதுங்கள்" என்று மருத்துவரிடம் சொல்வதற்குக் கூச்சம் வேண்டா. நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

இரண்டாவது, இரவுண்ணாமை. கதிரவன் மறைந்தபின் நீரும் பருகாத நோன்புடையோர் நம்மிடையே உள்ளனர். நாளுக்கு ஒருமுறை உண்ணும் டுலாக்செட்டின் இந்நோன்புக்கு எளிதில் பொருந்தும். இருமுறை உண்ணும் பிரிகாபாலினைக் காலையிலும் கதிரவன் மறையுமுன்னும் உண்ணலாமா என்று கேட்கலாம். காபாபென்டின் மும்முறை உண்பது. இரு வேளைகட்கு இடையே 12 மணி நேரத்துக்கு மேல் போகலாகாது. ஆகவே மூன்றையும் பகலில் அடக்குவது கடினம். நோன்பைச் சொன்னால் மருத்துவர் அதற்கேற்ற மருந்தைத் தெரிந்தெடுப்பார்.

மூன்றாவது, தசலட்சண நாள்களில் நோற்கும் உபவாசம். நோன்பென்று மருந்தைத் திடீரென நிறுத்துவதே பேரிடர். பிரிகாபாலினோ காபாபென்டினோ சட்டென நின்றால் உறக்கமின்மை, குமட்டல், வியர்வை, படபடப்பு தோன்றும். வலிப்பு நோயுடையார்க்கு வலிப்பே வரலாம். குறைந்தது ஒரு வாரமேனும் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். மற்ற இரண்டையும் அவ்வாறே. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ கொள்பவர் உண்ணாதிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். உபவாசத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே மருத்துவரைக் கண்டு பேசுவது நன்று.

வலி தணிந்தாலும் நரம்பு சீரானதாகப் பொருளில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். எரிச்சலை மருந்து மறைத்திருக்கும்; மரத்த தன்மை அப்படியே இருக்கும். நம் ஜினாலயங்களில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறோம். போளூரை அடுத்த திருமலையிலும் பொன்னூர் மலையிலும் சித்திரை வெயிலில் பாறை எவ்வளவு சுடும் என்பதை நாம் அறிவோம். உணர்ச்சியற்ற பாதம் அச்சூட்டை அறியாது. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலை எடுக்கும் நிலைக்கு வந்தோர் பலர். இத்தகையோர் காலை இளவெயிலில் வழிபடச் செல்லட்டும். ஆலயப் பொறுப்பாளர்கள் நடைவழியில் விரிப்பு இடட்டும். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தேனும் பார்க்கட்டும்.

இறுதியாக ஒன்று. "வலியைப் பொறுப்பதும் தவந்தானே, மருந்து எதற்கு?" என்று நம் முதியோர் கேட்பதுண்டு. தத்துவார்த்த சூத்திரம் கூறும் 22 பரீஷகங்களுள் நோயைப் பொறுத்தலும் ஒன்று என்பது மெய். ஆயின் பரீஷக ஜயம் துறவியர்க்கு உரைத்த நெறி. நாம் இல்லறத்தார், அணுவிரதம் பூண்டவர், தானமும் பூசனையும் சுற்றம் பேணலும் நம் கடமைகள். உறக்கமின்றி நொந்து, சினந்து, வீட்டாரையும் நோகச் செய்வதில் தவப்பயன் ஏது? கொல்லாமையைக் காத்தபடியே வலியைத் தணிக்க வழி இருக்கையில், அதனைக் கேட்டறிந்து மேற்கொள்வதே அறிவுடைமை.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, உண்ணும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் நோன்புகளை ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். முதியோரை இளைஞர் ஒருவர் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க! வாழ்க அறம்! ஜெய் ஜினேந்திர!